ஊர் கேட்ட பாட்டு: கே.பி.ஏ.சி. நாடகக் குழுவும் அதன் சமூகப் பணியும்

முன்னுரை

இந்திய மொழிகளில் இயங்கிய தொழில்முறை நாடகக் குழுக்களின் வரலாறு பெரும்பாலும் ஒரே போக்கில் அமைந்துள்ளது. ஆர்வமுடைய ஒருவர் குழுவைத் தொடங்குவார். சில ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று புகழும் பொருளும் ஈட்டுவார். திரைப்படம் வந்ததும் நடிகர் பிரிவர். உரிமையாளர் மறைந்ததும் குழு கலையும். தமிழ் இசை நாடகக் குழுக்கள் பலவற்றின் வரலாறும் இவ்வாறே முடிந்தது. இப்போக்கிற்கு விலக்காக நிற்பவை மிகச் சில. அவற்றுள் ஒன்று கேரளத்தின் காயங்குளத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள பீப்பிள்ஸ் ஆர்ட்ஸ் கிளப் என்னும் கே.பி.ஏ.சி. ஆகும். 1950இல் தோன்றிய இக்குழு எழுபது ஆண்டுகளைக் கடந்தும் நாடகம் நிகழ்த்தி வந்துள்ளது.

இந்நீண்ட வாழ்வுக்கு வழக்கமாக இரு காரணங்கள் கூறப்படுகின்றன. ஒன்று, பொதுவுடைமைக் கட்சியின் ஆதரவு; மற்றொன்று, நாடக ஆசிரியர் தோப்பில் பாசியின் ஆற்றல். இரண்டும் உண்மையே. ஆயினும் 1964இல் கட்சி இரண்டாகப் பிளவுபட்டது. குழுவின் இசைக்கு உருவம் தந்தவர் அதற்கு முன்பே விலகிவிட்டார். தோப்பில் பாசி 1992இல் மறைந்தார். இம்மூன்று இழப்புகளுக்குப் பின்னரும் குழு கலையவில்லை. எனவே வேறொரு காரணத்தையும் தேட வேண்டியுள்ளது. குழுவுக்கும் ஊர்களுக்கும் இடையே நிலவிய கொடுக்கல் வாங்கலே அக்காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

தமிழ் இசை நாடகமும் மலையாள மேடையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ் இசை நாடகக் குழுக்கள் திருவிதாங்கூர்ப் பகுதிகளில் தொடர்ந்து நாடகம் நிகழ்த்தின. மொழி வேறாயினும் பாட்டின் கவர்ச்சி மலையாள மக்களை ஈர்த்தது. அதன் விளைவாக அதே முறையில் மலையாள நாடகங்கள் எழுந்தன. டி.சி. அச்சுதமேனோனின் ‘சங்கீத நைஷதம்’ 1892இல் தோன்றியது. கே.சி. கேசவபிள்ளையின் ‘சதாரம’ தமிழ் மேடையில் பெயர் பெற்றிருந்த சதாரம் கதையை ஒட்டி அமைந்தது. இவ்வகை நாடகங்கள் பெருகியபோது அவற்றை எள்ளி நகையாடும் வகையில் முன்ஷி ராமக்குறுப்பு ‘சக்கீசங்கரம்’ என்னும் நாடகத்தை எழுதினார். கேலி செய்யும் அளவிற்கு அவை பரவியிருந்தன என்பது இதனால் பெறப்படும்.

இத்தொடர்பு ஒருவழிப்பட்டதாக மட்டும் இருக்கவில்லை. தமிழ் நாடக வரலாற்றில் சிறப்பிடம் பெறும் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடக சபை 1925இல் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கப்பெற்றது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதி 1956 வரை திருவிதாங்கூர் அரசியல் எல்லைக்குள் இருந்தது. ஆகவே தமிழ் மேடையும் மலையாள மேடையும் ஒரே நிலப்பரப்பில், ஒரே வகைப் பார்வையாளரிடையே வளர்ந்தன எனலாம்.

அம்மேடையின் இயல்பு யாவரும் அறிந்ததே. முன்வரிசையில் ஆர்மோனியக்காரர் அமர்ந்திருப்பார். அரசனும் பாடுவான், அவனைக் கொல்ல வந்தவனும் பாடுவான். அவையோர் ‘ஒன்ஸ்மோர்’ கேட்டால் இறந்து கிடந்தவனும் எழுந்து பாடுவதுண்டு. கதை பாட்டுக்காக நிற்கும். மலையாளத்தில் செபாஸ்டியன் குஞ்ஞுகுஞ்ஞு பாகவதர், அகஸ்டின் ஜோசப், வைக்கம் வாசுதேவன் நாயர் ஆகியோர் இம்மரபில் பெயர் பெற்றனர். குமாரன் ஆசானின் ‘கருணா’ காவியம் இசை நாடகமாக்கப்பட்டபோது வாசவதத்தையாக நடித்தவர் ஓச்சிற வேலுக்குட்டி என்னும் ஆண் நடிகரே.

மறுபுறம், பாட்டைச் சாராத சீர்திருத்த நாடகங்களும் எழுந்தன. வி.டி. பட்டதிரிப்பாட்டின் ‘அடுக்களயில் நின்னு அரங்ஙத்தேக்கு’ (1929) நம்பூதிரிப் பெண்டிரின் அவலத்தைப் பேசியது. கே. தாமோதரனின் ‘பாட்டபாக்கி’ (1937) குத்தகை உழவரின் துயரைப் பேசியது. அது பொன்னானி வட்டத்து உழவர் மாநாட்டிற்கென எழுதப்பட்டது. பாட்டின் கவர்ச்சி ஒரு மேடையிலும் சமூகச் செய்தி மற்றொரு மேடையிலுமாகப் பிரிந்து நின்ற சூழலில்தான் கே.பி.ஏ.சி. தோன்றியது.

குழுவின் தோற்றம்

சட்டக் கல்லூரி மாணவர் சிலரும் அவர்தம் நண்பர்களும் இணைந்து 1950இல் இக்குழுவை அமைத்தனர். ஜி. ஜனார்த்தனக்குறுப்பு, என். ராஜகோபாலன் நாயர் ஆகியோர் இதில் முன்னின்றனர். முதல் நாடகம் ‘என்டெ மகனாணு சரி’ (என் மகனே சரி) 1951இல் அரங்கேறியது. அது பெரிய வரவேற்பைப் பெறவில்லை. குழுவின் வரலாற்றை மாற்றியது இரண்டாம் நாடகமாகும்.

1949ஆம் ஆண்டின் இறுதி நாளில் சூரநாட்டில் உழவர்க்கும் காவலர்க்கும் மோதல் நேர்ந்தது. காவலர் சிலர் உயிரிழந்தனர். அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட தோப்பில் பாசி தலைமறைவானார். அக்காலத்தில் ‘சோமன்’ என்னும் புனைபெயரில் அவர் எழுதிய நாடகமே ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’ (நீங்கள் என்னைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்). அது 1952 டிசம்பர் 6 அன்று கொல்லத்தை அடுத்த சவராவில் அரங்கேறியது.

நாடகத்தின் மையப் பாத்திரம் பரமுப்பிள்ளை. பழம்பெருமை பேசும் நாயர் குடும்பத்தின் தலைவர். நிலம் கைவிட்டுப்போன பின்னும் சாதிச் செருக்கை விடாதவர். மகன் கோபாலன் உழவர் இயக்கத்தில் ஈடுபடுவதை வெறுக்கிறார். நிலக்கிழாரின் வஞ்சகம் தம் வாசலுக்கே வரும்போது சிறிது சிறிதாக மனம் மாறுகிறார். இறுதியில் செங்கொடியைத் தாமே ஏந்துகிறார். இப்பாத்திரத்தில் நடித்தவர் இதழாளர் காம்பிசேரி கருணாகரன். எதிர்ப்பாளர் ஒருவரின் மனமாற்றத்தைக் கதையாகக் கொண்டமையால், கட்சிக்கு அப்பாற்பட்டவரும் தம்மை மேடையில் கண்டனர்.

திருவிதாங்கூர்-கொச்சி அரசு 1953இல் இந்நாடகத்தைத் தடை செய்தது. பிரித்தானிய ஆட்சி 1876இல் இயற்றிய நாடக நிகழ்த்துதல் சட்டமே அதற்குப் பயன்படுத்தப்பட்டது. குழுவினர் தடையை மீறி நடித்துக் கைதாயினர். நீதிமன்றத்தை நாடிய பின் தடை நீங்கியது. அண்டை மாநிலமான சென்னையில் 1954இல் தனியாக ஒரு நாடகச் சட்டம் இயற்றப்பட்டதையும், எம்.ஆர். ராதா அதனை எதிர்த்துப் போராடியதையும் இங்கு ஒப்புநோக்கலாம். இரு மாநில அரசுகளும் ஒரே காலத்தில் நாடகத்தைக் கண்டு அஞ்சியுள்ளன.

1957இல் கேரளத்தில் பொதுவுடைமைக் கட்சி ஆட்சி அமைத்ததற்கு இந்நாடகம் ஒரு காரணம் என்று கூறுவது வழக்கம். ஒரு நாடகம் எத்தனை வாக்குகளை ஈட்டியது என்பதை அளந்து காட்டுதல் இயலாது. ஆனால் நிலம் உழுபவனுக்கு உரியது என்னும் கருத்தை எழுத்தறியாதவரும் பாட்டாகப் பாடும் நிலையை அது உருவாக்கியது என்பதில் ஐயமில்லை.

பாட்டின் இடமாற்றம்

குழுவின் பாடல்களைப் புனைந்தவர் ஓ.என்.வி. குறுப்பு, இசையமைத்தவர் ஜி. தேவராஜன். அப்போது இருவரும் இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞர்கள். தேவராஜன் கருநாடக இசை பயின்று கச்சேரி செய்தவர். கே.எஸ். ஜார்ஜும் சுலோசனாவும் முதன்மைப் பாடகர்கள். சுலோசனா நடிக்கவும் செய்தார். ஆண்களே பெண் வேடமிட்ட மேடையில் பெண்கள் தம் குரலில் பாடி நடித்தது ஒரு மாற்றமாகும்.

பழைய இசை நாடகத்தின் பாட்டு மிகுதியை இவர்கள் கைவிடவில்லை. ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’யில் பாடல்கள் ஏராளம். மாறியது பாட்டின் இடமே. உரையாடல் பேச்சுமொழியில், ஓணாட்டுக்கரை வட்டார வழக்கில் நடந்தது. பரமுப்பிள்ளை பாடி வாதிடுவதில்லை. உழைப்போர் வயலில் பாடினர். காதலர் தனிமையில் பாடினர். இயக்கத்தவர் கூடிப் பாடினர். வாழ்வில் மக்கள் எங்குப் பாடுகின்றனரோ அங்கேயே நாடகத்திலும் பாட்டு அமைந்தது. ஆகவே நாடகம் முடிந்தபின் அப்பாட்டு மேடையிலிருந்து வயலுக்குத் திரும்பிச் செல்வது எளிதாயிற்று.

பாடலின் மொழியும் இதற்குத் துணை நின்றது. வடமொழிச் செறிவு மிக்க இசை நாடகப் பாடல்களுக்கு மாறாக, பிறைநிலவு பொன்னரிவாளாகத் தோன்றும் எளிய உவமைகள் இடம்பெற்றன. அரிவாள் அறுவடைக் கருவி. அதுவே கட்சிச் சின்னத்தின் ஒரு பகுதி. காதற்பாட்டாகவும் இயக்கப்பாட்டாகவும் ஒரே பாட்டு நிற்க இவ்வுவமை இடந்தந்தது. மெட்டுகள் நாட்டுப்புறச் சந்தங்களைத் தழுவின. பிற்காலத்தில் குழுவுக்கு இசையமைத்த கே. ராகவன் இப்போக்கை மேலும் வளர்த்தார்.

மேடைப்பாட்டு தெருவுக்கு வருதல் தமிழுக்குப் புதிதன்று. விடுதலைப் போராட்டக் காலத்தில் எஸ்.எஸ். விசுவநாததாஸ் முருகன் வேடத்தில் நின்று பாடிய பாட்டுகள் மக்களிடையே பரவின. அதற்காக அவர் பலமுறை சிறை சென்றார். ஆனால் அப்பாட்டு நடிகர் ஒருவரின் துணிவைச் சார்ந்திருந்தது. அவர் 1940இல் மேடையிலேயே உயிர்நீத்தார். கே.பி.ஏ.சி.யின் பாட்டு நாடகக் கதையோடும் குழுவோடும் பிணைந்திருந்தமையால், பாடியவர் மாறினும் அது தொடர்ந்தது. இவ்வேறுபாடு கருதத்தக்கது.

ஊர் அழைத்த நாடகம்

நாடகத்தை ஊருக்குக் கொண்டுசென்றவர் யார் என்னும் வினா இங்கு எழுகிறது. தமிழ்நாட்டுப் பாய்ஸ் கம்பெனிகள் ஒரு நகரில் கொட்டகை வாடகைக்கு எடுத்து, நாள்தோறும் நுழைவுச்சீட்டு விற்று, வருவாய் குறைந்ததும் அடுத்த நகருக்குப் பெயர்ந்தன. இழப்பு முழுவதும் உரிமையாளரையே சாரும். மழைக்காலம் நீண்டாலோ நோய் பரவினாலோ குழு கடனில் மூழ்கும்.

கே.பி.ஏ.சி.யின் முறை இதனின்றும் வேறுபட்டது. குழு காயங்குளத்தில் நிலையாகத் தங்கியது. ஊரார் அதனை ஓரிரவுக்கு அழைத்தனர். மேடை அமைத்தல், பார்வையாளரைத் திரட்டுதல், கூலி ஈட்டித் தருதல் ஆகிய பொறுப்புகளை உள்ளூர் அமைப்புகள் ஏற்றன. நடிகர்கள் மாலையில் வண்டியில் வந்து இறங்கி, நாடகம் முடிந்ததும் அடுத்த ஊருக்குப் புறப்பட்டனர்.

இவ்வமைப்புகளுள் முதலில் கூறத்தக்கது நூலகம். 1945இல் அம்பலப்புழையில் 47 ஊர் நூலகங்களின் சார்பாளர்கள் கூடி, பி.என். பணிக்கரின் முயற்சியால் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தைத் தொடங்கினர். அடுத்த ஆண்டுகளில் கேரளத்தின் சிற்றூர்களில் நூலகங்கள் பெருகின. அவற்றின் ஆண்டு விழாவிற்கு நாடகம் வேண்டியிருந்தது; நாடகத்தால் கிடைத்த பணம் நூலகத்திற்கு வேண்டியிருந்தது. பள்ளிக் கட்டடம், நூலகக் கூரை, வழக்கு நிதி, துயர்துடைப்பு எனப் பல நோக்கங்களுக்கு ஊரார் நாடகம் நடத்திப் பொருள் திரட்டுவது கேரளத்தில் பரவலான வழக்கமாயிற்று. தொழிற்சங்க மாநாடுகளும் உழவர் கூட்டங்களும் இவ்வாறே நாடகத்தை அழைத்தன.

மூன்றாவது அமைப்பு வியப்பளிப்பது. கோயில் திருவிழாக் குழுக்களும் பொதுவுடைமை சார்ந்த இக்குழுவை அழைத்தன. கார்த்திகை முதல் சித்திரை வரை கேரளத்தில் திருவிழாக் காலம். இரவில் கதாபிரசங்கம், இசை நிகழ்ச்சி, நாடகம் என நிகழ்ச்சிகள் தொடரும். கிறித்தவப் பள்ளிப் பெருநாள்களிலும் இவ்வழக்கம் உண்டு. இறைநம்பிக்கையுடைய ஊர், நிலக்கிழாரை எதிர்க்கும் நாடகத்தைக் கோயில் வளாகத்திலேயே கண்டது. சாதி வேறுபாட்டால் நெடுங்காலம் பலருக்கு அடைபட்டிருந்த இடங்களில் அனைவரும் ஒன்றாய் அமர்ந்து இரவு முழுதும் நாடகம் பார்த்தமையையும் சமூகப் பணியின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

ஊர் அழைத்ததால் ஊருக்கு ஒரு பிடியும் கிடைத்தது. விருப்பமற்ற நாடகத்தை அடுத்த ஆண்டு ஊர் அழைக்காது. கட்சிச் செய்தி மட்டும் போதாது. ஊரின் வாழ்வும் நாடகத்தில் இருக்க வேண்டும் என்னும் நெருக்கடி எப்போதும் இருந்தது. தோப்பில் பாசியின் நாடகங்கள் குடும்பச் சிக்கல், காதல், ஏழ்மை ஆகியவற்றை விடாது பற்றி நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. ‘துலாபாரம்’ இதற்குத் தக்க சான்று. தொழிலாளியான கணவனை இழந்த பெண், வறுமை தாங்காது தன் குழந்தைகளுக்கு நஞ்சூட்டி, தான் மட்டும் பிழைத்து, நீதிமன்றத்தில் நிற்கும் கதை அது. 1968இல் மலையாளத்திலும் 1969இல் அதே பெயரில் தமிழிலும் ஏ. வின்சென்ட் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. இசை நாடகத்தைத் தமிழ் மேடையிலிருந்து பெற்ற மலையாளம், எழுபது எண்பது ஆண்டுகளுக்குப் பின் தமிழுக்கு ஒரு கதையைத் திருப்பித் தந்தது.

நோயும் ஊரும்: ‘அஸ்வமேதம்’

குழுவின் சமூகப் பணியைத் தெளிவாகக் காட்டுவது 1962இல் வந்த ‘அஸ்வமேதம்’ ஆகும். இதன் பொருள் தொழுநோய்.

இன்றைய ஆலப்புழை மாவட்டத்து நூறநாட்டில் 1934இல் தொழுநோய் மருத்துவமனை அமைக்கப்பட்டது. தோப்பில் பாசியின் ஊரான வள்ளிக்குன்னத்திற்கு அது அண்மையில் உள்ளது. 1940களில் சல்போன் மருந்துகள் வந்தபின் தொழுநோய் குணப்படுத்தக்கூடியதாயிற்று. ஆயினும் ஊராரின் அச்சம் மருந்தால் தீரவில்லை. குணமடைந்தவரும் வீடு திரும்ப இயலாது மருத்துவமனை மதிலுக்குள்ளேயே வாழ்நாளைக் கழிக்கும் நிலை இருந்தது.

நாடகத்தில் சரோஜம் என்னும் இளம்பெண்ணுக்கு நோய் காண்கிறது. மருத்துவரின் பொறுப்பான சிகிச்சையால் நோய் நீங்குகிறது. வீடு திரும்பிய அவளை வீடும் ஊரும் ஏற்க மறுக்கின்றன. மருத்துவம் வென்ற இடத்தில் மனிதர் தோற்கின்றனர். நோய் உடலில் தீர்ந்து ஊரில் எஞ்சுகிறது என்பதே நாடகம் உணர்த்தும் உண்மை. மருத்துவச் சொற்பொழிவு செய்திருந்தால் ஊரார் கேட்டுவிட்டுச் சென்றிருப்பர். தங்கள் வீட்டுப் பெண்ணைப் போன்ற ஒருத்தி வாசலில் நிற்பதைக் கண்டபோது, கதவைத் திறக்க வேண்டியவர் தாமே என்பதை உணர்ந்தனர். இந்நாடகமும் ஏ. வின்சென்ட் இயக்கத்தில் 1967இல் திரைப்படமாயிற்று. இதன் தொடர்ச்சியாகத் தோப்பில் பாசி ‘சரசய்யா’வை எழுதினார்.

கட்சிக் கொடி இல்லாத இந்நாடகம் குழுவின் வெற்றி நாடகங்களுள் ஒன்றாக விளங்கியது. சமூகப் பணி என்பது இக்குழுவுக்குக் கட்சிப் பணியின் மறுபெயர் மட்டுமன்று என்பதற்கு இது சான்றாகும்.

பிரிவும் தொடர்ச்சியும்

1960களின் முற்பகுதியில் ஓ. மாதவன், தேவராஜன் முதலியோர் கொல்லத்தில் காளிதாச கலாகேந்திரம் என்னும் குழுவைத் தொடங்கினர். 1964இல் கட்சி பிளவுபட்டபோது கே.பி.ஏ.சி. இந்தியப் பொதுவுடைமைக் கட்சியின் சார்பில் நின்றது. ஊர்களிலும் பிளவு ஏற்பட்டது. ஆயினும் நூலகங்களும் விழாக் குழுக்களும் இரு தரப்பினரையும் உள்ளடக்கியிருந்தமையால் அழைப்பு நிற்கவில்லை. பிரிந்து சென்றவரும் அதே முறையையே பின்பற்றினர். குழு பிரிந்தது, ஊரில் ஊன்றிய நாடக வழக்கம் பெருகியது.

குழுவின் பெயர் அதன் கலைஞர்களின் பெயரோடு ஒட்டிக்கொண்டதும் குறிப்பிடத்தக்கது. கே.பி.ஏ.சி. சுலோசனா, கே.பி.ஏ.சி. லலிதா, கே.பி.ஏ.சி. அசீஸ், கே.பி.ஏ.சி. சன்னி என்றே மக்கள் அவர்களை அறிவர். மகேசுவரி என்னும் பெயருடைய இளம்பெண் இக்குழுவில் லலிதாவானார். திரையுலகில் பல பத்தாண்டுகள் புகழுடன் விளங்கி, கேரள சங்கீத நாடக அகாதெமியின் தலைவராகவும் இருந்து, 2022இல் மறைந்தார். இறுதிவரை குழுவின் பெயரே அவருக்கு முதற்பெயர். தெலுங்கில் சுரபி கமலாபாய் என்னும் பெயரும் இத்தகையதே. ஆனால் சுரபி உறவினர் கூடிய குடும்பக் குழு. கே.பி.ஏ.சி.யிலோ பல சாதியினரும் சமயத்தினரும் ஒரே முதற்பெயரைத் தாங்கினர். சாதிப்பெயர் நிற்கும் இடத்தில் ஒரு நாடகக் குழுவின் பெயர் நின்றது.

மாலாவின் கேள்வி

இத்தகைய குழுவின் வரலாற்றைப் புகழ்ச்சியோடு முடித்தல் ஆய்வாகாது. முதல் வெற்றி நாடகத்தில் மாலா என்னும் பாத்திரம் உண்டு. தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த உழவுத் தொழிலாளியின் மகள் அவள். கோபாலனை விரும்புகிறாள். அவனோ நிலக்கிழாரின் மகளை விரும்புகிறான். மாலாவின் விருப்பம் தியாகமாக மாற்றப்படுகிறது. பரமுப்பிள்ளையின் மனமாற்றத்தைக் கொண்டாடிய அவை மாலாவின் இழப்பை இயல்பானதாக ஏற்றுக்கொண்டது.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இக்கேள்வி எழுந்தது. சிவிக் சந்திரன் 1995இல் ‘நிங்ஙள் ஆரெ கம்யூனிஸ்டாக்கி’ (நீங்கள் யாரைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்) என்னும் எதிர்நாடகத்தை எழுதினார். மூலநாடகத்தின் பாத்திரங்களே மேடைக்கு வந்து தம் கதையை மறுவிசாரணை செய்தன. போராட்டத்தின் பயன் யாரைச் சென்றடைந்தது, உழைத்து இழந்தவர் எங்கே என்று அது வினவியது. மூலநாடகத்தின் பகுதிகள் பயன்படுத்தப்பட்டமையால் தோப்பில் பாசியின் உரிமையாளர் தரப்பில் வழக்குத் தொடரப்பட்டது. கேரள உயர்நீதிமன்றம் 1996இல், இது படியெடுத்தலன்று, மூலநாடகத்தின் மீதான திறனாய்வு என்னும் கருத்தில் நாடகத்தை நிகழ்த்த இசைவளித்தது. இந்தியப் பதிப்புரிமை வரலாற்றில் அத்தீர்ப்பு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

இந்த எதிர்நாடகத்தைக் குழுவின் தோல்வியாகக் கொள்ள வேண்டியதில்லை. மறக்கப்பட்ட நாடகத்திற்கு எவரும் எதிர்நாடகம் எழுதுவதில்லை. நாற்பது ஆண்டுகள் ஊரின் நினைவில் நின்றமையால்தான் மாலாவின் சார்பில் கேள்வி கேட்க முடிந்தது. அதே வேளையில், ஊரோடு ஒட்டி வாழும் கலை ஊரின் குருட்டுப் புள்ளிகளையும் தன்னுள் கொண்டிருக்கும் என்பதையும் இது காட்டுகிறது. பார்வையாளர் விரும்புவதைத் தரவேண்டிய நெருக்கடி குழுவை வாழவைத்தது. மாலாவைத் தியாகியாக்கியதும் அதே நெருக்கடிதான்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. தமிழ் இசை நாடகத்திடமிருந்து பெற்ற பாட்டு மரபைக் கே.பி.ஏ.சி. மக்கள் இயல்பாகப் பாடும் இடங்களுக்கு மாற்றி அமைத்தது. அதனால் பாட்டு மேடையை விட்டு மக்களிடம் சென்றது. நாடகத்தை நடத்தும் சுமையை உரிமையாளர் ஒருவர் தாங்காது, நூலகம், சங்கம், திருவிழாக் குழு ஆகிய ஊர் அமைப்புகள் பகிர்ந்துகொண்டன; குழு அவற்றுக்கு நிதியும் கூட்டமும் தந்தது. தொழுநோய், வறுமை போன்ற பொருள்களில் அது ஊரின் மனசாட்சியோடு பேசியது. அது பேசாது விட்டதைப் பின்வந்தோர் அதன் பாத்திரங்களைக் கொண்டே பேசினர்.

தமிழ் இசை நாடகம் நலிந்ததற்குத் திரைப்படத்தைக் காரணம் காட்டுவது நம்மிடையே வழக்கம். கேரளத்திலும் திரைப்படம் வந்தது; கே.பி.ஏ.சி.யின் நாடகங்களையும் நடிகரையும் அதுவே எடுத்துக்கொண்டது. ஆயினும் நாடகம் நின்றது. நம் நாடக வரலாற்றை எழுதுவோர் மேடையில் நிகழ்ந்ததை மட்டுமன்றி, மேடையைக் கட்டியவர் யார், அதற்கு விளக்கேற்றியவர் யார், மறு ஆண்டும் அழைத்தவர் யார் என்பதையும் தேடுதல் வேண்டும். ஊர் நூலகங்களின் பழைய வரவு செலவுக் கணக்குகளும் திருவிழாத் துண்டறிக்கைகளும் அத்தேடலுக்குரிய சான்றுகள். அவை அழியுமுன் தொகுக்கப்படுதல் இன்றியமையாதது.